புல்தரை இறுகிப்போய்த் தண்ணீர் இறங்கவில்லை, துளை போட்டால் சரியாகுமா?

கோவை_புல்தரை (மே 16)
எல்லோருக்கும் வணக்கமுங்க. வீடு கோவையில், சூலூர் போகிற பக்கம். வீட்டுக்கு முன்னால் 20 அடிக்கு 30 அடி புல்தரை, பெர்முடா என்கிற ரகம், பாய் பாயாக வாங்கிப் பதித்தது. மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடம் காலையில் காபியோடு அதில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. இப்போது வாசலிலிருந்து கேட் வரைக்கும் நடக்கிற தடத்தில் புல் மெலிந்து மண் தெரிகிறது. கிழக்கு மூலையில் ஒரு மழை பெய்தால் இரண்டு நாள் தண்ணீர் நிற்கிறது, அங்கே புல்லை விடக் கோரைதான் அதிகம். யூரியா தூவினேன், பத்து நாள் பச்சையாக இருந்தது, திரும்ப மஞ்சள். தண்ணீரைக் கூட்டினேன், மூலையில் பாசி பிடித்தது.

வீடியோக்களில் எல்லோரும் துளை போடச் சொல்கிறார்கள், ஏரேஷன் என்கிறார்கள், அதுவும் செப்டம்பர், அக்டோபரில். அக்டோபரில் இங்கே அடைமழை ஆரம்பித்துவிடுமே? எதனால் துளை போடுவது, எப்போது போடுவது? செய்தவர்கள் சொல்லுங்கள். இது என் அம்மா ஆசைப்பட்டுப் போட்ட புல்தரை, பிடுங்கிவிட்டு டைல்ஸ் ஒட்டச் சொல்கிறவர்கள் தயவு செய்து வேண்டாம்.

நீலகிரிக்காற்று (மே 16)
தம்பி, கோல்ஃப் மைதானத்தில் 14 வருடம் புல் வேலை பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். துளை போடுவது இருக்கட்டும், முதலில் மண் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். இன்றைக்குச் சாயங்காலம் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். நாளைக் காலையில் ஒரு நீட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கை பலத்தில் மட்டும் குத்துங்கள், பத்து இடத்திலாவது. ஆறு அங்குலம் சுலபமாக இறங்கினால் உங்கள் பிரச்சினை வேறே, நிழலோ சத்தோ பூச்சியோ. இரண்டு அங்குலத்திலேயே முட்டி நின்றால் மண்தான். அப்புறம் மண்வெட்டியால் ஒரு சாண் சதுரத்துக்குப் புல்லோடு வெட்டித் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எங்கே திரும்பியிருக்கிறது என்று எழுதுங்கள்.

கோவை_புல்தரை (மே 17)
ஐயா, பார்த்தேன். பன்னிரண்டு இடத்தில் குத்தியதில் ஒன்பது இடத்தில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகவில்லை. நடைத் தடத்தில் ஒரு அங்குலம்கூட இல்லை.

வெட்டிப் பார்த்ததில்தான் மனசு கஷ்டமாகிவிட்டது. மேலே ஒன்றரை அங்குலம் பாயோடு வந்த களிமண், அதற்குக் கீழே அரை அங்குலம் செம்மண், அதற்கும் கீழே கருப்பாக ஒரு தட்டு. கல் மாதிரி. அதில் ஜல்லி, செங்கல் துண்டு, உறைந்த சிமெண்ட் கட்டி. வேர் வெள்ளையாக இரண்டு அங்குலம் நேராக இறங்கி வந்து, அந்தத் தட்டைத் தொட்ட இடத்தில் அப்படியே படுத்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடியிருக்கிறது, தொட்டியில் வைத்த செடியின் வேர் போல. முகர்ந்து பார்த்தேன், சாக்கடை வாடை லேசாக.

வீடு கட்டும்போது அந்த இடத்தில்தான் ஜல்லியும் செங்கலும் இறக்கினார்கள், மிக்சர் மெஷின் நின்றதும் அங்கேதான். கடைசியில் தோட்டம் போட்டுத் தந்தவர் கொத்திவிடாமல் மேலே மண்ணைக் கொட்டிச் சமப்படுத்திப் பாயை விரித்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கு எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

மண்வாசம் (மே 17)
படிக்கவே பாவமாக இருக்கிறது. வேருக்கும் மூச்சு வேண்டுமே! நாம் எல்லோரும் தண்ணீர், உரம் இரண்டை மட்டும்தான் நினைக்கிறோம். மண் துகளுக்கு நடுவே இருக்கிற சின்னச் சின்ன இடைவெளியில்தான் காற்று இருக்கும், மிதிபட்டு அந்த இடைவெளி நசுங்கினால் அங்கே தண்ணீர் நிற்குமே தவிரக் காற்று வராது. காற்று இல்லாத மண்ணில் நல்ல நுண்ணுயிர்கள் சாகும், அழுகல் வாடை வரும். நீங்கள் முகர்ந்தது அதுதான்.

ஆனால் துளை போட மெஷின் எல்லாம் எதற்கு? மண்புழுவை விட நல்ல உழவன் கிடையாது. யூரியாவை நிறுத்துங்கள், மண்புழு உரம் தூவுங்கள், ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம் ஊறவைத்த கரைசல்) விடுங்கள், ஒரு வருடத்தில் மண் பொலபொல என்று ஆகும். எங்கள் தென்னந்தோப்பில் அப்படித்தான் ஆனது.

நீலகிரிக்காற்று (மே 18)
மண்வாசம் அம்மா சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை, ஆனால் வரிசை முக்கியம். தென்னந்தோப்பு மண் ஏற்கெனவே உயிருள்ள மண். தம்பி வீட்டில் இருப்பது மேஸ்திரி மிதித்த தளம். காற்றில்லாத இடத்துக்கு மண்புழு போகாது, போனாலும் தங்காது. வழியைத் திறந்துவிட்டால் அது தானாக வரும். எனவே முதலில் துளை, பிறகு உங்கள் மண்புழு உரம்.

துளையில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆணி மாதிரி குத்துவது. இன்னொன்று குழல் முனையை இறக்கி, மண்ணை உருளையாக வெளியே பிடுங்கிப் போடுவது. இரண்டாவதுதான் வேலை செய்யும். ஆணி குத்தினால் அந்த இடத்து மண் எங்கே போகும்? பக்கத்தில் நெருங்கும். களிமண்ணில் துளையின் சுவர் வழுவழு என்று மெழுகின மாதிரி ஆகி இன்னும் இறுகும். மண்ணை வெளியே எடுத்தால்தான் மீதி மண் அந்தப் பள்ளத்துக்குள் மெல்லத் தளர்ந்து சாய இடம் கிடைக்கும்.

முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான துளை, இரண்டிலிருந்து மூன்று அங்குல ஆழம், துளைக்குத் துளை மூன்று நான்கு அங்குலம் தள்ளி. வெளியே விழுகிற மண் உருளையைப் பெருக்கி அள்ளாதீர்கள், காய்ந்ததும் மட்டையால் தட்டினால் தூளாகும், அது புல்லுக்கே போகட்டும். உங்கள் வீட்டில் மட்டும் சிமெண்ட் துண்டு வந்தால் பொறுக்கிவிடுங்கள்.

பல்லடம்_பசுமை (மே 18)
ஆணிச்செருப்பு வாங்கி ஏமாற வேண்டாம், நான் வாங்கினேன். ஆன்லைனில் அழகாக இருந்தது, செருப்பு மாதிரிக் கட்டிக்கொண்டு நடந்தால் போதும் என்று போட்டிருந்தார்கள். ஈர மண்ணில் ஒவ்வொரு அடிக்கும் கால் மாட்டிக்கொண்டது, ஐந்தாவது நிமிடம் வார் நழுவிக் கணுக்கால் பிசகியது, இரண்டு வாரம் கட்டுப் போட்டிருந்தேன். வயதானவர்கள் தயவு செய்து முயற்சி செய்யாதீர்கள். நீலகிரி ஐயா சொன்னது போல அது குத்திய துளை மூன்றாம் நாள் இருந்த இடம் தெரியாமல் மூடிக்கொண்டது.

ஐயா, இன்னொன்று. பாட்டிலில் திரவ ஏரேட்டர் என்று விற்கிறார்களே, அது?

நீலகிரிக்காற்று (மே 18)
அதில் பெரும்பாலும் இருப்பது சோப்பு மாதிரியான ஈரமூட்டி. தண்ணீர் ஒட்டாமல் ஓடுகிற மண்ணில் கொஞ்சம் இறங்க உதவும். நசுங்கிய மண்ணை அது நிமிர்த்தாது. அந்தக் காசுக்குத் தொழு உரம் வாங்கலாம்.

லேத்துப்பட்டறை (மே 19)
நம்ம ஊரில் இருந்துகொண்டு கருவிக்கு ஏன் ஆன்லைன் போகணும்? பீளமேடோ கணபதியோ, எந்த லேத்திலும் ஒரு மணி நேர வேலை. நான் என் மாமனார் வீட்டுக்குச் செய்ததைச் சொல்கிறேன்.

அரை அங்குல ஜிஐ பைப், கனமான ரகம், 8 அங்குலத் துண்டு இரண்டு. அரை அங்குலம் என்று பெயர்தான், உள்வாய் 15, 16 மில்லி இருக்கும், அது போதும். கீழ் வாயை வெளிப்பக்கத்திலிருந்து மட்டும் சாய்த்துச் சீவுங்கள், உள்பக்கம் தொடக்கூடாது. உள்பக்கம் சீவினால் மண் நெருக்கிக்கொண்டு ஏறும், அடைத்துக்கொள்ளும். வாயிலிருந்து மூன்றரை அங்குலம் மேலே பக்கவாட்டில் இரண்டு அங்குல நீளத்துக்கு ஜன்னல் மாதிரி வெட்டிவிடுங்கள். அடுத்த துளை போடும்போது புதிதாக ஏறுகிற மண் முன்னே ஏறிய மண்ணைத் தள்ளும், அது ஜன்னல் வழியாக வெளியே விழும். இரண்டு பைப்பையும் நான்கு அங்குலம் தள்ளி ஒரு ஆங்கிளில் வெல்ட் வையுங்கள், அந்த ஆங்கிளே கால் வைத்து மிதிக்கிற இடம். மேலே இடுப்பு உயரத்துக்கு டி கைப்பிடி. சீவின விளிம்பை எமரி காகிதத்தில் தேய்த்துவிடுங்கள், பிசிறு இருந்தால் மண் அங்கேயே பிடித்துக்கொள்ளும்.

அவசரத்தில் சன்ன பைப்பில் செய்யாதீர்கள். ஒரு ஜல்லி பட்டால் வாய் கோணிவிடும்.

ஸ்கார்பரோ_தோட்டம் (மே 19)
வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்போது ரொறன்ரோவில் ஸ்கார்பரோ. தம்பி பார்த்த வீடியோவில் செப்டம்பர் என்று சொன்னது எங்களுக்குச் சொன்னது, உங்களுக்கல்ல. இங்கே வீட்டு முற்றத்தில் இருக்கிறது கென்டக்கி புளூகிராஸ், ரைகிராஸ் மாதிரி குளிர்காலப் புல்லினங்கள். கோடை வெயிலில் சோர்ந்துபோய், ஆகஸ்ட் கடைசியில் சூடு குறைந்ததும் வேர் விட ஆரம்பிக்கும். அந்த நேரம் துளை போட்டு மேலே விதையும் தூவினால், ஸ்நோ விழ முந்தி ஆறேழு கிழமை (வாரம்) கிடைக்கும், காயம் ஆறிவிடும். உங்கள் பெர்முடா நேர்மாறு, அது சூட்டில் வளர்கிற புல். அது வேகமாக வளர்கிற காலத்தில்தான் துளை போட வேண்டும். எந்தப் புல்லாக இருந்தாலும், துளை போட்ட பிறகு ஒரு மாதமாவது அது நன்றாக வளரும் காலம் மிச்சம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

எங்கள் மண்ணும் சரியான களிமண். புது வீட்டுத் திட்டங்களில் மேல் மண்ணை வழித்துவிட்டு, வீடு கட்டி முடிய மெல்லிசாகப் பரப்பிப் புல் போடுவார்கள், தம்பி எழுதினதை வாசிக்க என் பழைய வீடு ஞாபகம் வந்தது. நாங்கள் இதில் கவனமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2009 முதல் ஒன்ராறியோவில் முற்றத்து அழகுக்காகக் களைக்கொல்லி அடிக்கத் தடை. டேண்டிலயன் களை வராமல் இருக்கப் புல்லை அடர்த்தியாக வைத்திருப்பதுதான் வழி, அடர்த்திக்கு மண் இளக வேண்டும். மெஷின் வாடகைக்கு எடுப்போம், சரியான பாரம், தூக்க இரண்டு பேர் வேண்டும். எடுக்க முந்தி நிலத்துக்குக் கீழே போகிற ஸ்பிரிங்ளர், வயர் எல்லாவற்றுக்கும் சின்னக் கொடி நட்டு வையுங்கள். நான் ஒருக்கால் நடாமல் விட்டு இரண்டு ஸ்பிரிங்ளர் தலையை உடைத்தேன்.

கோவை_புல்தரை (மே 20)
ஸ்கார்பரோ அக்காவுக்கு (அண்ணனா என்று தெரியவில்லை, மன்னிக்கவும்) ரொம்ப நன்றி, குழப்பம் தீர்ந்தது. இங்கே கோடை மழை இரண்டு பெய்துவிட்டது, ஜூனில் தென்மேற்குக் காற்று வந்தால் கோவைக்குச் சாரல் இருக்கும், வெயிலும் தணியும். ஜூன் முதல் வாரம் போடலாம் என்று நினைக்கிறேன். துளை போட்டபின் ஆற்று மணல் பரப்பச் சொல்கிறார் எங்கள் நர்சரிக்காரர். இரண்டு யூனிட் சொல்லட்டுமா என்று கேட்கிறார்.

நீலகிரிக்காற்று (மே 20)
சொல்ல வேண்டாம்! இதில் மட்டும் நான் பிடிவாதமாகத்தான் சொல்வேன். மைதானத்தில் நாங்கள் மணல் போட்டோம், ஏனென்றால் கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றியுள்ள புல்தரைக்கு, அடியில் முழுக்க மணல். மணலோடு மணல் சேரும். களிமண்ணில் மேலே கொஞ்சம் மணல் கலந்தால், மணலுக்கு நடுவே இருக்கிற இடைவெளியைக் களி நிரப்பிவிடும். வெயிலில் காய்ந்தால் செங்கல் சூளைக்கு அனுப்பலாம். மணலால் களிமண்ணைத் திருத்த வேண்டுமென்றால் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும், அது புல்லைப் பிடுங்கிப் புதிதாகப் போடுகிற வேலை. அந்தப் பணமும் ஆற்றின் மணலும் மிச்சமாகட்டும்.

நன்கு மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ சலித்து, கால் அங்குலம். புல்லின் நுனி வெளியே தெரிய வேண்டும், மூடக்கூடாது.

மண்வாசம் (மே 20)
கணக்கு நான் சொல்கிறேன். 600 சதுர அடிக்குக் கால் அங்குலம் என்றால் பன்னிரண்டரை கன அடி, சிமெண்ட் சாக்கில் பத்துச் சாக்கு. வாங்கும்போது உள்ளே கையை விட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் மக்கவில்லை. கோரைக்கிழங்கு இருக்கிறதா என்றும் சலித்துப் பாருங்கள். கருப்பாகக் கொட்டைப்பாக்கு மாதிரி ஒன்றிரண்டு தப்பினாலும் இரண்டு வருடம் உங்களுக்கு வேறு வேலை இருக்காது.

துடியலூர்_தோட்டி (மே 21)
ஜிப்சம் போட்டால் களிமண் இளகும் என்று உரக்கடையில் தந்தார்கள், இரண்டு மூட்டை போட்டுவிட்டேன், எந்த வித்தியாசமும் இல்லை. ஏன்?

நீலகிரிக்காற்று (மே 21)
சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குத்தான் ஜிப்சம் மருந்து. சோடியம் களித்துகளைப் பிரித்துச் சேறாக்கும், ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை வெளியேற்றும், பிறகு நல்ல தண்ணீர் விட்டு அதைக் கீழே கழுவி இறக்க வேண்டும். உங்கள் மண்ணில் சோடியம் இல்லையென்றால் அங்கே ஜிப்சத்துக்கு வேலை இல்லை. மிதிபட்டு நசுங்கின மண்ணுக்கு அது ஒன்றும் செய்யாது. கோவையில் வேளாண் பல்கலைக்கழகத்திலேயே மண்ணும் போர் தண்ணீரும் பரிசோதித்துத் தருகிறார்கள், மூட்டை வாங்குவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.

கோவைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கள் பக்கம் சுக்கான் மண் (சுண்ணாம்பு மிகுந்த மண்) நிறைய. இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச் சத்துக் குறை, யூரியாவால் தீராது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), சாயங்காலம் இலை மேல் தெளியுங்கள். டைல்ஸ், சிமெண்ட் மேல் பட்டால் துருக்கறை போகாது, ஓரத்தில் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள்.

கோவை_புல்தரை (ஜூன் 9)
முடித்துவிட்டேன்! எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நிறையத் தண்ணீர் விட்டேன், ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தோம், நானும் தம்பியும் மாறி மாறி. லேத்து அண்ணா சொன்ன கருவிக்கு ஆன செலவு ஆன்லைனில் வருவதன் விலையில் பாதிதான். நான்கு அங்குலம் தள்ளி என்றால் ஒரு சதுர அடிக்கு ஒன்பது துளை, மொத்தம் 5,400. இரட்டைக் குழல் என்பதால் 2,700 மிதி. ஒரே நாளில் முடியவில்லை, இரண்டு ஞாயிறு ஆனது.

முதல் அரை மணி நேரம் பைப் அடைத்துக்கொண்டே இருந்தது, ஒவ்வொரு தடவையும் கம்பியால் குத்தி எடுத்தோம். ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் வைத்துப் பத்து மிதிக்கு ஒரு தடவை முக்கி எடுத்ததும் சரியாகிவிட்டது. ஜன்னல் வழியாக மண் உருண்டை உருண்டையாக, சுண்டுவிரல் கனத்துக்கு விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றிலும் மேலே புல், நடுவே சிவப்பு, அடியில் கருப்பு. அடிக்கருப்பை விரலால் உடைத்தால் பிளாஸ்டிக் களிமண் மாதிரி மடிகிறதே தவிர உதிரவில்லை. இப்போதாவது தெரிந்ததே என்று இருந்தது.

கிழக்கு மூலையில் கருவி இறங்கவே இல்லை. அங்கே மட்டும் கடப்பாரையால் ஓரடிக்கு ஒன்று வீதம் ஓரடி ஆழம் குத்தி, அசைத்து அகலப்படுத்தி, உள்ளே தொழு உரம் நிரப்பினோம். ஐயா கடப்பாரை பற்றிச் சொல்லவில்லை, தவறென்றால் திட்டுங்கள்.

நீலகிரிக்காற்று (ஜூன் 9)
திட்ட ஒன்றும் இல்லை, நல்ல காரியம். கட்டட மண்ணின் இறுக்கம் மூன்று அங்குலத்தோடு நிற்பதில்லை, அந்த மூலைக்கு ஆழம் தேவைதான். குத்தியதை அசைத்து மண்ணைப் பிளந்தீர்கள் பாருங்கள், அதுதான் முக்கியம். இனி மூன்று வாரம் அதில் நடக்காதீர்கள், புல்லைக் குட்டையாக வெட்டாதீர்கள்.

ஒன்று மனதில் வையுங்கள். 16 மில்லித் துளை சதுர அடிக்கு ஒன்பது போட்டாலும் நீங்கள் திறந்தது மொத்தப் பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. அதனால் ஒரு தடவையோடு விட்டுவிடாதீர்கள். களிமண் என்பதால் வருடம் ஒருமுறை, முதல் இரண்டு வருடம் ஆகஸ்டு கடைசியில் இன்னொரு முறை.

வடவள்ளி_வாசல் (ஜூன் 12)
எங்கள் வீட்டில் கொரியன் புல். மேடு மேடாக, கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்குகிறது. இதே மாதிரி துளை போடலாமா?

நீலகிரிக்காற்று (ஜூன் 12)
அமுங்குவது மண்ணல்ல, சருகு. புல்லின் அடியில் பழைய தண்டும் வேரும் மட்காமல் சேர்ந்த அடுக்கு. கத்தியால் வெட்டிப் பாருங்கள், அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் முதலில் இரும்பு வாரியால் சீவி அதைக் குறைக்க வேண்டும். பிறகு துளை. கொரியன் மெதுவாக வளரும், பெர்முடா மூன்று வாரத்தில் மூடுகிற துளையை இது மூடச் சில மாதம் ஆகலாம். அதனால் ஆறு அங்குலம் தள்ளிப் போடுங்கள், ஜூலை தாண்ட விடாதீர்கள்.

கோவை_புல்தரை (ஆகஸ்ட் 14)
இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். ஜூனில் வேலை தொடங்கும் முன் ஒரு சோதனை செய்து வைத்திருந்தேன். பழைய பால்பவுடர் டப்பாவின் இரண்டு பக்கமும் வெட்டி மண்ணில் ஒரு அங்குலம் அழுத்தி, உள்ளே ஒரு அங்குலம் தண்ணீர் ஊற்றி நேரம் பார்த்தேன். நடைத் தடத்தில் அன்றைக்கு 2 மணி 50 நிமிடம். நேற்று அதே இடத்தில் 35 நிமிடம். கிழக்கு மூலையில் போன வாரம் பெய்த மழை மறுநாள் காலையில் இல்லை. கோரை இன்னும் இருக்கிறது, கிழங்கோடு தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஒரு துளை இருந்த இடத்தை மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தேன். துளைக்குள் தொழு உரம் கருப்பாக ஒரு தூண் மாதிரி நிற்கிறது, அதைச் சுற்றி வெள்ளை வேர் கொத்தாக இறங்கியிருக்கிறது, நாலரை அங்குலம் அளந்தேன். படுத்துக்கொண்ட பழைய வேர்களின் நடுவில் இது மட்டும் நேராக. ஒரு மண்புழுவும் இருந்தது, மண்வாசம் அக்காவுக்காகப் படம் எடுத்தேன், கீழே போட்டிருக்கிறேன்.

நடைத் தடத்தில் நாங்கள் நடப்பதை நிறுத்த முடியாது என்பதால் அங்கே கடப்பைக் கல் ஒன்பது பதித்துவிட்டோம், இடையில் புல். அம்மா காலையில் அந்தக் கல்லில் நின்றுதான் தண்ணீர் விடுகிறார்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு அடுத்த சுற்று. கருவி இந்தப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து தரலாம். வாளியும் கம்பியும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.